பினாயில் தயாரிப்பவருக்கும் பேட்ச் பதிவேடு கட்டாயமாக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தரை துடைக்கும் திரவம், பாத்திரம் தேய்க்கும் திரவம், கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட், குழாய் அடைப்பு நீக்கும் தூள், வெள்ளைத் துணிக்கான ப்ளீச் ஆகியவற்றில் ஒன்றிரண்டாவது இல்லாத வீடு இன்று தமிழ்நாட்டில் அரிது. இவற்றில் ஏதேனும் ஒரு பாட்டிலால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், அந்தப் பாட்டிலில் என்னென்ன எந்த அளவில் கலக்கப்பட்டன, அவை யாரிடமிருந்து வாங்கப்பட்டவை, கலந்த அன்று சோதித்ததில் என்ன தெரிந்தது, அதே கலவையில் நிரப்பிய மற்றப் பாட்டில்கள் எந்தெந்தக் கடைகளுக்குப் போயின என்பவற்றைத் தயாரிப்பாளர் எழுதி வைத்திருப்பார் என்று நாம் எதிர்பார்ப்பது இயல்பு. ஒரே தடவையில் கலந்து நிரப்பிய தொகுதியைத் தொழிலில் பேட்ச் என்பார்கள்; அதைப் பற்றிய இந்த விவரங்களைக் கொண்டதே பேட்ச் பதிவேடு. ஆனால், அப்படி எழுதி வைத்தே ஆக வேண்டும் என்று சொல்லும் சட்டக் கடமை இப்பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு நம் நாட்டில் இல்லை. வீட்டு உபயோக ரசாயனப் பொருள்களைத் தயாரிக்கும் சிறு, நடுத்தர நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், இந்தக் குறையைப் பற்றி உங்கள் நாளிதழ் வாயிலாகச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறேன்.

குறை எங்கே இருக்கிறது என்பதைச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முகத்தில் பூசும் கிரீமும் உதட்டுச் சாயமும் 1940ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. அழகுசாதனப் பொருளின் ஒவ்வொரு பேட்சுக்கும், அதற்குப் பயன்படுத்திய மூலப்பொருள்களுக்கும் குறித்த விவரங்களுடன் பதிவேடு வைத்து, அதை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பதை அச்சட்டத்தின் 1945ஆம் ஆண்டு விதிகளே உரிம நிபந்தனையாக வைத்திருந்தன. 2020இல் அழகுசாதனப் பொருள்களுக்கெனத் தனி விதிகள் வந்தபோதும் அந்தக் கடமை நீங்கவில்லை. கொசுவர்த்திச் சுருளும் கொசு விரட்டும் திரவமும் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வருவதால், ஃபரிதாபாத்தில் இயங்கும் மத்தியப் பதிவுக் குழுவிடம் கலவை விவரத்தையும் நச்சுத்தன்மை பற்றிய தரவுகளையும் ஒப்படைத்துப் பதிவு பெற்ற பிறகே அவற்றைத் தயாரிக்க முடியும். கிருமிநாசினி என்று எழுதி விற்கும் பினாயிலுக்குக்கூட மருந்து விதிகளின் 'ஓ' அட்டவணையில் தர அளவுகள் வகுக்கப்பட்டுள்ளன.

ஆனால் ஏறக்குறைய அதே கலவையை, அதே நிறத்தோடும் அதே வாசனையோடும் பாட்டிலில் நிரப்பி, 'நறுமணத் தரை சுத்தம் செய்யும் திரவம்' என்று மட்டும் எழுதி விற்றால் இவற்றில் எதுவும் பொருந்தாது. பூச்சியைக் கொல்லும் என்றால் ஒரு சட்டம், கிருமியைக் கொல்லும் என்றால் இன்னொரு சட்டம், சருமத்துக்கு அழகூட்டும் என்றால் அதற்கென்று விதிகள்; அழுக்கை நீக்கும் என்று மட்டும் சொன்னால் பேட்ச் பதிவேட்டைக் கேட்க எந்த விதியும் இல்லை. பாட்டிலுக்குள் இருப்பது எவ்வளவு அரிக்கும், எவ்வளவு நச்சு என்பதைப் பார்க்காமல், பாட்டிலின் மேல் எழுதிய வாசகத்தைப் பார்த்துக் கடமையை வகுப்பது முறையாகாது. தொழிலாளர் பாதுகாப்புச் சட்டமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் இத்தகைய நிறுவனங்களுக்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவை தொழிலாளியையும் நீரையும் காற்றையும் காக்க எழுந்தவை. வாங்கிச் செல்பவரின் சமையலறை அவற்றின் பார்வையில் இல்லை.

லேபிளில் என்ன இருக்க வேண்டும் என்பதை 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் சொல்கின்றன. தயாரிப்பாளரின் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொடர்பு விவரம் ஆகியவை அதில் அடங்கும். அந்த விதிகளின் நோக்கம் அளவிலும் விலையிலும் வாங்குபவர் ஏமாறக் கூடாது என்பதே. ஆகவே பேட்ச் எண்ணையோ கலவையையோ அவை கேட்பதில்லை. தயாரித்த மாதம் மட்டும் தெரிந்தால் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு சிறு பட்டறையே மாதத்தில் பல முறை கலக்கும். அவற்றில் ஒரு கலவை மட்டும் கெட்டிருந்தால், எது என்று அறிய முடியாதபோது அந்த மாதத்துச் சரக்கு முழுவதையும் சந்தேகிக்க வேண்டும், அல்லது எதையும் சந்தேகிக்காமல் விட்டுவிட வேண்டும். நடைமுறையில் நடப்பது இரண்டாவதுதான். பெரிய நிறுவனங்கள் தாமாகவே பேட்ச் எண்ணை அச்சிட்டு, பதிவேடும் வைத்திருக்கின்றன என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அவர்கள் விருப்பத்தின் பேரில் செய்வதை எல்லோருக்கும் உரிய கடமையாக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இது வெறும் அலுவலக ஒழுங்கு பற்றிய பேச்சு அன்று என்பதை அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். ஒரு குழந்தை சுத்தம் செய்யும் திரவத்தைக் குடித்துவிட்டால், பெற்றோர் பாட்டிலையும் கையோடு கொண்டு ஓடுகிறார்கள். அந்த நேரத்தில் மருத்துவருக்குத் தெரிய வேண்டியவை சில: குடித்தது அமிலமா, காரமா, அதன் செறிவு எவ்வளவு, அதில் பெட்ரோலியக் கரைப்பானோ பைன் எண்ணெயோ உண்டா. காரம் உணவுக்குழாயை ஆழமாக அரித்து, சில வாரங்கள் கழித்து அதைச் சுருங்கவும் வைத்துவிடும். எண்ணெய்க் கரைப்பான் என்றால் வாந்தி எடுக்கும்போது அது நுரையீரலுக்குள் போய்விடும் அபாயம் முதன்மையானது. கையிலிருக்கும் லேபிளில் எலுமிச்சம்பழத்தின் படமும் பளபளக்கும் தரையின் படமும் இருக்கின்றன. மருத்துவர் தேடும் ஒரு வரி இல்லை. புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் தேசிய நச்சுத் தகவல் மையம் 1995 முதல் இயங்கி வருகிறது. அங்குள்ளவர்கள் எவ்வளவு திறமையானவர்களாக இருந்தாலும், திருப்பூரிலோ விருதுநகரிலோ ஒரு தெருவில் தயாராகி, மூன்று தாலுகாக்களில் மட்டும் விற்கும் ஒரு பெயருடைய திரவத்தில் என்ன இருக்கிறது என்பதை யாரும் அவர்களிடம் சொல்லி வைக்காதபோது எப்படிச் சொல்வார்கள்? தயாரிப்பாளரிடம் ஒழுங்கான பதிவேடு இருந்தால், அதன் ஒரு பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பிவிடலாம். பதிவேடு இல்லையென்றால் அவரும் நினைவிலிருந்துதான் சொல்வார், அன்று எந்த டிரம்மிலிருந்து எடுத்தார்கள் என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

ஒரே ஒரு அனுபவத்தை இங்கே குறிப்பிடுகிறேன். நான் பணியாற்றிய நிறுவனங்களில் ஒன்றில், பாத்திரம் தேய்க்கும் திரவம் கையை எரிக்கிறது என்று ஒரு மளிகைக் கடைக்காரர் வழியாகப் புகார் வந்தது. அத்திரவத்தின் அடிப்படைப் பொருள், தொழிலில் ஆசிட் ஸ்லரி என்று அழைக்கப்படும் சல்ஃபோனிக் அமிலம். அதைக் காஸ்டிக் சோடாக் கரைசலால் நடுநிலைப்படுத்தி, அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவை ஏழு எட்டுக்குள் நிறுத்திய பிறகே நுரைக்கும் பொருளும் உப்பும் நிறமும் வாசனையும் சேர்ப்பார்கள். காஸ்டிக் கரைசல் சந்தையில் 32 சதவீதம், 48 சதவீதம் என்ற இரு செறிவுகளில் கிடைக்கிறது. இரண்டும் ஒரே மாதிரியான கேன்களில்தான் வரும். பேட்ச் பதிவேட்டைப் புரட்டி, அதில் குறித்திருந்த கொள்முதல் பில் எண்ணோடு ஒப்பிட்டபோது, குறிப்பிட்ட ஒரு நாளில் வந்தது வழக்கமான 32 சதவீதக் கரைசல் அல்ல, விற்பனையாளர் மாற்றி அனுப்பிய 48 சதவீதக் கரைசல் என்பது தெரிந்தது. அன்று காலையில் கலந்தவற்றில் பி.எச். அளவைப் பார்த்து அளவைக் குறைத்திருந்தார்கள். மாலையில் கலந்த ஒரு பேட்சில் மட்டும், பி.எச். எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. அந்தக் காலிக் கட்டமே நடந்ததைச் சொல்லிவிட்டது. அந்தப் பேட்ச் எந்தக் கடைகளுக்குப் போயிற்று என்பதும் அதே பக்கத்தில் இருந்ததால், பெட்டிகளை உடனே திரும்ப எடுக்க முடிந்தது. மற்றப் பேட்சுகளைத் தொட வேண்டிய தேவையே எழவில்லை. அந்தப் பதிவேட்டை எந்த அதிகாரியும் கேட்டு நாங்கள் எழுதவில்லை. முதலாளி பழைய பழக்கத்தைக் கைவிடாதவர் என்பதால் எழுதினோம். மக்களின் பாதுகாப்பு ஒரு முதலாளியின் பழக்கத்தை நம்பி இருக்கலாகாது என்று அன்றே எனக்குத் தோன்றியது.

நுகர்வோருக்குச் சட்டம் ஏற்கெனவே போதிய உரிமை தந்துவிட்டது என்று சொல்பவர்கள் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டுவார்கள். அது நல்ல சட்டம். அதன் 84ஆம் பிரிவின்படி, தயாரிப்பில் குறைபாடு இருந்தாலோ, தயாரிப்புக்கென வகுத்த அளவுகளிலிருந்து பொருள் விலகியிருந்தாலோ, போதிய எச்சரிக்கை தரப்படாமல் இருந்தாலோ தயாரிப்பாளர் பொறுப்பேற்க வேண்டும். 20ஆம் பிரிவின்படி, ஆபத்தான பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறும்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிடலாம். ஆனால் வகுத்த அளவிலிருந்து விலகியது என்று ஒரு குடும்பத் தலைவி எதைக் காட்டி நிரூபிப்பார்? அளவு எது என்பதும் எழுதப்படவில்லை, அன்று கலந்தது எது என்பதும் எழுதப்படவில்லை. எந்தப் பாட்டில்களைத் திரும்பப் பெற வேண்டும், அவை எங்கே இருக்கின்றன என்று காட்டும் ஏடு தயாரிப்பாளரிடம் இல்லாவிட்டால், ஆணையத்தின் உத்தரவு எந்தக் கடையின் கதவைத் தட்டும்? ஏட்டில் உள்ள உரிமை நடைமுறைக்கு வர, தயாரிப்பாளரின் மேசையில் இன்னொரு ஏடு இருந்தாக வேண்டும்.

இத்தகைய கவனக்குறைவுக்கு ஒரு நாடு எவ்வளவு பெரிய விலை கொடுத்தது என்பதற்குத் தென் கொரியாவைப் பார்க்கலாம். குளிர்காலத்தில் அறைக் காற்றில் ஈரப்பதம் சேர்க்கும் கருவிகளின் நீரில் ஊற்றுவதற்கென்று ஒரு கிருமிநாசினி திரவம் 1994 முதல் அங்கே விற்கப்பட்டது. கருவியைச் சுத்தமாக வைத்திருக்கும் சாதாரணத் தொழிற்பொருள் என்ற வகையில் அது சந்தைக்கு வந்ததால், மருந்துக்கு உரிய சோதனை எதுவும் அதற்குக் கேட்கப்படவில்லை. பி.எச்.எம்.ஜி. போன்ற ரசாயனங்கள் நீராவியோடு சேர்ந்து, தாய்மார்களும் கைக்குழந்தைகளும் உறங்கும் அறைகளில் இரவு முழுவதும் மூச்சோடு உள்ளே போயின. 2011இல் சியோல் நகர மருத்துவமனை ஒன்றில், காரணம் தெரியாத நுரையீரல் நோயோடு கர்ப்பிணிகளும் அண்மையில் பிரசவித்தவர்களும் அடுத்தடுத்து வந்த பிறகே அரசு விழித்துக்கொண்டு அவற்றைத் திரும்பப் பெற்றது. அதற்குள் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் கடந்திருந்தன. பாதிக்கப்பட்டு இறந்ததாகப் பதிவு செய்யப்பட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். முதல் பொருள் வெளிவந்த காலத்தில் செய்யப்பட்ட நச்சுத்தன்மை ஆய்வின் அறிக்கையை மறைத்ததாக நிறுவன அதிகாரி ஒருவர் 2019இல் கைது செய்யப்பட்டார். பாதிக்கப்பட்டவர்களோ, எந்தக் கடையில் எந்தப் பாட்டிலை எப்போது வாங்கினோம் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து நிரூபிக்கத் திண்டாடினார்கள். அத்தனைக்கும் பிறகு, வீட்டு உபயோக ரசாயனப் பொருள்களுக்கென்றே அந்நாடு இயற்றிய தனிச் சட்டம் 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. சுத்தம் செய்யும் பொருள்தானே என்ற ஒரு வகைப்பாடு அங்கே எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டது. அதே வகைப்பாட்டின் கீழ்தான் நம்முடைய பாட்டில்களும் இன்று விற்கப்படுகின்றன.

நம் மாநிலத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2025ஆம் ஆண்டின் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறக்கக் காரணமாக இருந்த இருமல் மருந்து, நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுக் கரைப்பான் இருந்ததைத் தமிழக அரசின் ஆய்வகமே கண்டறிந்தது. அந்தத் தொழிற்கூடத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட குறைபாடுகளை அதிகாரிகள் கண்டதாகச் செய்திகள் வெளியாயின. அது மருந்து, நான் பேசுவது மருந்தைப் பற்றி அன்று. இருந்தாலும் இரண்டு காரணங்களுக்காக அதை இங்கே கொண்டுவருகிறேன். முதலாவது, பாட்டிலில் பேட்ச் எண் இருந்ததால்தான், மத்தியப் பிரதேசத்திலிருந்து தகவல் வந்தவுடன் இங்குள்ள அதிகாரிகளால் குறிப்பிட்ட பேட்சின் மாதிரியை எடுத்துச் சில நாள்களுக்குள் முடிவை அறிவிக்க முடிந்தது. இரண்டாவது, உரிமமும் ஆய்வாளரும் பதிவேட்டுக் கடமையும் உள்ள மருந்துத் துறையிலேயே மூலப்பொருள் எப்படி வந்தது என்பதில் கண்காணிப்பு தளர்ந்தால் இது நடக்கும் என்றால், இவற்றில் எதுவுமே இல்லாத துறையில் தொடர்ந்து தப்பித்து வருவதை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல முடியும். கரைப்பான்கள், கிளைக்கால்கள், காரங்கள் ஆகியவை சென்னை போன்ற நகரங்களின் கெமிக்கல் கடைகளில் டிரம்மிலிருந்து கேனுக்கும், கேனிலிருந்து சிறு கேனுக்கும் மாற்றி விற்கப்படுபவை. ஒவ்வொரு மாற்றத்திலும் முதல் டிரம்மில் ஒட்டியிருந்த லேபிள் பின்தங்கிவிடுகிறது. அந்த லேபிளில் உள்ள லாட் எண்ணை, அதாவது மூலப்பொருள் எந்தத் தொகுதியில் வந்தது என்று காட்டும் எண்ணை, கடைசிப் பாட்டில்வரை கொண்டுசெல்ல ஒரே வழி, ஒவ்வொருவரும் அதை எழுதி வைப்பதுதான்.

பிற நாடுகள் இதை எப்படிச் செய்கின்றன என்பதில் நமக்குப் பயன்படக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன். கனடாவின் 2010ஆம் ஆண்டு நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம், தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும் விற்பவரும் பொருளை யாரிடமிருந்து பெற்றார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்பதைக் காட்டும் ஆவணங்களை ஆறு ஆண்டுகள் வைத்திருக்கும்படி சொல்கிறது. சில்லறைக் கடைக்காரர் மட்டும் ஒவ்வொரு வாடிக்கையாளரின் பெயரையும் எழுத வேண்டியதில்லை. எங்கே, எந்தக் காலத்தில் விற்றார் என்பது போதும். இந்தப் பாகுபாடு நியாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில், ஆபத்தானது என வகைப்படுத்தப்பட்ட வீட்டு உபயோகக் கலவைகளின் விவரத்தை நச்சுத் தகவல் மையங்களுக்கு முன்கூட்டியே தர வேண்டும் என்ற பொது முறை 2021 ஜனவரியிலிருந்து செயல்படுகிறது. பதினாறு எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு குறியீடு லேபிளில் இருக்கும், மருத்துவர் அதைத் தொலைபேசியில் சொன்னால் மையம் கலவையைக் கண்டுபிடித்துவிடும். அமெரிக்காவின் நச்சுப் பொருள்கள் கட்டுப்பாட்டுச் சட்டமோ, ரசாயனத்தால் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏற்பட்டதாக வரும் புகார்களையே பதிவு செய்யச் சொல்கிறது. பொதுமக்கள் தொடர்பானவற்றை ஐந்து ஆண்டுகளும், தொழிலாளர்களின் உடல்நலம் தொடர்பானவற்றை முப்பது ஆண்டுகளும் வைத்திருக்க வேண்டும். நம் நாட்டில் மிகவும் புறக்கணிக்கப்படுவது இந்தக் கடைசி ஏடுதான். புகார் பெரும்பாலும் கடைக்காரரிடம் வாய்மொழியாக வந்து, அவர் ஒரு புதிய பாட்டிலைக் கொடுத்தவுடன் முடிந்துவிடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் சிறியவையாகத் தோன்றும் ஐந்து புகார்கள் ஒரே பேட்சைச் சேர்ந்தவை என்பது, அவை ஒரே பக்கத்தில் எழுதப்பட்டால்தான் யாருடைய கண்ணிலும் படும்.

சிறு தொழில்களால் இதைத் தாங்க முடியுமா என்ற கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பினாயிலும் சோப்பு ஆயிலும் நம் மாநிலத்தில் ஏராளமான மகளிர் சுய உதவிக் குழுக்களின் வாழ்வாதாரம். அந்தப் பெண்களின் கையிலிருந்து தொழிலைப் பறிக்கும் எந்த விதியையும் நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் கேட்பது எவ்வளவு என்பதைப் பார்க்க வேண்டும். சரக்கு மற்றும் சேவை வரி விதிகளின் 56ஆம் விதி, பதிவு பெற்ற ஒவ்வொரு தயாரிப்பாளரும் பயன்படுத்திய மூலப்பொருளின் அளவையும் தயாரான பொருளின் அளவையும் காட்டும் மாதாந்திர உற்பத்திக் கணக்கை வைத்திருக்க வேண்டும் என்கிறது. அச்சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதங்கள் அந்தக் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். ஆக, எத்தனை கிலோ காஸ்டிக் வந்தது, எத்தனை லிட்டர் திரவம் போனது என்பதை வரிக்காக அவர்கள் ஏற்கெனவே ஆறு ஆண்டுகள் வைத்திருக்கிறார்கள். அரசுக்கு வர வேண்டிய வரிக்கு ஆறு ஆண்டுப் பதிவு கேட்பதை யாரும் பெரும் சுமை என்று சொல்வதில்லை. அதே கணக்கில் பேட்ச் எண், மூலப்பொருளின் லாட் எண், பி.எச். அளவு, போன கடைகள் என்ற நான்கு விவரங்களைச் சேர்க்கச் சொல்வது எப்படித் தாங்க முடியாததாகும்?

வரிப் பதிவுக்குக் கீழே உள்ள மிகச் சிறிய குழுக்களுக்கு, பேட்ச் ஒன்றுக்கு ஒரு பக்கம் என அச்சிட்ட நோட்டுப் புத்தகத்தை மாவட்டத் தொழில் மையமே தமிழில் தயாரித்து இலவசமாகக் கொடுக்கலாம். தயாரித்த நாள், கலந்தவர் பெயர், ஒவ்வொரு பொருளின் எடை, அதன் பில் எண், பி.எச். தாளில் தெரிந்த நிறம், நிரப்பிய பாட்டில்களின் எண்ணிக்கை, கொண்டுபோன இடம் ஆகியவற்றை எழுதச் சில நிமிடங்களே ஆகும். பேட்ச் எண்ணை அச்சிட இயந்திரம் தேவையில்லை. ரப்பர் முத்திரை போதும். இவற்றோடு, ஒவ்வொரு பேட்சிலிருந்தும் ஒரு பாட்டிலை மூடி முத்திரையிட்டு, அப்பொருளின் பயன்பாட்டுக் காலம் முடியும்வரை வைத்திருக்கும் வழக்கத்தையும் சேர்க்க வேண்டும். எழுத்தில் சந்தேகம் வரும்போது அந்தப் பாட்டில் பேசும்.

சந்தேகம் வரும் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்தால் முதல்நாள் இரவே ஆறு மாதப் பதிவேட்டை ஒரே மூச்சில் எழுதி முடிக்கும் இடங்கள் இருக்கின்றன. அத்தகைய ஏட்டில் மை ஒரே நிறமாக இருக்கும், கையெழுத்து ஒரே சாய்வில் இருக்கும், பி.எச். அளவு எல்லா நாளும் 7.5 ஆகவே இருக்கும். உண்மையான பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருக்கும், ஒரு நாள் 7.1 என்றும் மறுநாள் 8.2 என்றும் இருக்கும். ஆகவே பக்க எண் அச்சிட்ட ஏடாக இருக்க வேண்டும் என்பதும், ஒவ்வொரு பேட்சும் ஒரு கொள்முதல் பில்லோடும் ஒரு விற்பனை பில்லோடும் இணைய வேண்டும் என்பதும் விதியிலேயே சொல்லப்பட வேண்டும். பில்லைப் பின்தேதியிட்டு உருவாக்குவது ஏட்டைப் பின்தேதியிட்டு எழுதுவதைப் போல அவ்வளவு எளிதன்று. அதே நேரத்தில், மாதந்தோறும் படிவம் அனுப்பு, இணையத்தில் ஏற்று, கட்டணம் கட்டு என்று விதி வளரக் கூடாது. ஏடு தயாரிப்பாளரிடமே இருக்கட்டும்; புகாரோ விபத்தோ நேர்ந்து அதிகாரி கேட்டால் குறித்த நேரத்துக்குள் காட்ட வேண்டும், மருத்துவர் கேட்டால் உடனே சொல்ல வேண்டும் என்ற அளவில் கடமை இருந்தால், லஞ்சத்துக்கு இடம் குறையும். கலவையை வெளியே சொன்னால் போட்டியாளர் திருடிவிடுவார் என்ற அச்சத்துக்கும் பதில் உண்டு. கலவை விவரம் நச்சுத் தகவல் மையத்துக்கும் மருத்துவருக்கும் மட்டும், சிகிச்சைக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு போகட்டும். கடையில் கிடைக்கும் பாட்டிலை ஆய்வகத்தில் கொடுத்துப் பகுத்தறியப் போட்டியாளருக்கு அவகாசம் இருக்கிறது, அவசரப் பிரிவில் படுத்திருக்கும் குழந்தைக்கு அது இல்லை.

இதற்கான அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆசிட் விற்பனையைப் பொறுத்தவரை, ஆசிட் வீச்சுக்கு ஆளான லட்சுமி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் தெளிவான உத்தரவுகளைப் பிறப்பித்தது. வாங்குபவரின் விவரத்தையும் வாங்கிய அளவையும் விற்பவர் பதிவேட்டில் எழுத வேண்டும், அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது, இருப்பைப் பதினைந்து நாள்களுக்குள் கோட்ட நடுவரிடம் தெரிவிக்க வேண்டும், மீறினால் ஐம்பதாயிரம் ரூபாய்வரை அபராதம் என்பவை அவற்றுள் முக்கியமானவை. வன்முறையைத் தடுக்க எழுந்த அந்த உத்தரவு கடைசிக் கடைக்காரரின் கையில் பதிவேட்டைக் கொடுத்தது. ஆசிட்டை நீர்த்து, பாட்டிலில் நிரப்பி, கடைக்கு அனுப்புபவரின் கையிலும் ஒரு பதிவேடு இருந்தால்தான் அந்தச் சங்கிலி முழுமை பெறும். 1919ஆம் ஆண்டின் நச்சுப் பொருள்கள் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, குறிப்பிட்ட நச்சுப் பொருள்களை விற்பனைக்காக வைத்திருப்பதையும் விற்பதையும் விதிகளால் ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாநில அரசுக்கே தருகிறது. விற்பனைப் பதிவேடு அதில் அடங்கும். ஆகவே அரிக்கும் தன்மையுள்ள கழிப்பறை ஆசிட், காஸ்டிக் கலந்த அடைப்பு நீக்கி ஆகியவற்றைப் பொறுத்தாவது, தில்லிக்காகக் காத்திராமல் தமிழக அரசால் தொடங்க முடியும். மத்திய அரசோ, ரசாயனங்களின் மேலாண்மைக்கும் பாதுகாப்புக்குமான விதிகளை 2020இலேயே வரைவாக வெளியிட்டது. அந்த வரைவின் பார்வை பெரும்பாலும் டன் கணக்கில் தயாராகும் மூல ரசாயனங்களின் மீதே இருந்தது. அவ்விதிகள் இறுதி வடிவம் பெறும்போது, அந்த மூல ரசாயனங்கள் லிட்டர் பாட்டில்களில் வீட்டுக்குள் நுழையும் கடைசிக் கட்டத்துக்கும் ஓர் அத்தியாயம் வேண்டும் என்று நம் மாநில நாடாளுமன்ற உறுப்பினர்கள் வலியுறுத்த வேண்டும்.

மிகவும் கடினமான பகுதி, வண்டியில் கொண்டுவந்து தெருவில் சில்லறையாக அளந்து ஊற்றும் விற்பனை. பழைய குடிநீர் பாட்டிலிலும் குளிர்பான பாட்டிலிலும் பினாயிலை நிரப்பித் தருவது விலையைக் குறைக்கிறது என்பதால் மக்கள் வாங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. ஆனால் குடிக்கும் பொருளின் பாட்டிலில் குடிக்கக் கூடாத பொருளை நிரப்புவதை எந்த நிலையிலும் அனுமதிக்கக் கூடாது. வண்டிக்காரர் ஒரு சீட்டில் தயாரிப்பாளரின் பெயரையும் கேனின் பேட்ச் எண்ணையும் எழுதி ஒட்டித் தர வேண்டும், அதற்கான சீட்டுக் கட்டைத் தயாரிப்பாளரே கேனோடு கொடுத்தனுப்ப வேண்டும் என்று வைத்தால், அந்தச் சுமை தாங்கக்கூடியவரிடம் போய்ச் சேரும்.

முதல் கட்டமாக அமிலம், காரம், ப்ளீச், பெட்ரோலியக் கரைப்பான் ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்றைக் கொண்ட பொருள்களுக்கு மட்டும் கடமையை விதித்து, சிறு தயாரிப்பாளர்களுக்கு ஓராண்டு அவகாசமும் மாவட்டந்தோறும் பயிற்சியும் கொடுத்து, பிறகு மற்றவற்றுக்கு விரிவுபடுத்தலாம் என்பது என் யோசனை. பதிவேட்டைப் பாதுகாக்க வேண்டிய காலத்தை வரிக் கணக்குக்கு உள்ள அதே 72 மாதங்களாக வைத்தால், தயாரிப்பாளர் இரண்டு கெடுக்களை நினைவில் வைக்க வேண்டியிருக்காது. மாநிலத்தின் நுகர்வோர் பாதுகாப்புத் துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் சிறு தொழில் சங்கங்களையும் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்புகளையும் அழைத்துப் பேசி, வரைவு விதியைப் பொதுமக்களின் கருத்துக்காக வெளியிட வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தரக்கட்டுப்பாட்டு வேதியியலர்,
அம்பத்தூர், சென்னை.